நாலு மணி நிழல்

செங்கடவுன்னு ஒரு நாடு. அங்க தண்ணிக்குத் தோண்டுனா எண்ணெய் வரும், எண்ணெய்க்குத் தோண்டுனாலும் எண்ணெய்தான் வரும், அதனால அந்த ஊர்க்காரங்க தோண்டுறதைத் தவிர வேற ஒரு வேலையும் பழகல. அரிசி கப்பல்ல வரும், கத்திரிக்கா கப்பல்ல வரும், கல்யாணத்துக்கு வாழைமரம்கூட கப்பல்ல படுத்துக்கிட்டேதான் வரும், வந்து இறங்குறப்போ இலையெல்லாம் சுருண்டு கயிறாட்டம் ஆயிருக்கும், அதையும் பந்தக்கால்ல நிமித்திக் கட்டிட்டு, இதுதாம்ல வாழைமரம்னு பிள்ளைகளுக்குக் காமிப்பாங்க. அந்த நாட்டுத் தலைநகரத்துல, மந்திரிமாரு கூடுற மாளிகையில கூட்டித் துடைக்கிற வேலை குருவம்மாளுக்கு.

குருவம்மா புருஷன் பேரு பலவேசம். துறைமுகத்துல வரிசையா நிக்கிற எண்ணெய் டேங்குமேல ஏறி, உச்சியில இருக்கிற மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டுன அளவு நாடாவை உள்ள இறக்கி, எண்ணெய் எத்தனை அடி நிக்குதுன்னு பாத்து எழுதுறதுதான் அவன் உத்தியோகம். இருபது வருஷம் அதையே செஞ்சதுல அவன் வாயில உத்தேசமான பேச்சே வராது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் குருவம்மா அப்பா, "மாப்பிள்ளைக்கு வீடு வாசல் உண்டுமா"ன்னு கேட்டதுக்கு, "வீடு உண்டு, வாசல் கிடையாது, பக்கத்து வீட்டு வாசல் வழியாத்தான் போணும்"னான். அவன் அம்மா தொடையில கிள்ளுனா. "கிள்ளாதம்மா"ன்னு அதையும் சபையில சொன்னான். இவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு மாமா ஒத்தக் கால்ல நின்னாரு, இவனுக்குத்தான் குடுக்கணும்னு அப்பா சொன்னாரு. அந்த மாமா தன் மகளைக் கட்டிக் குடுத்த மாப்பிள்ளை எல்லாத்துக்கும் உத்தேசமாப் பதில் சொல்றவன், கடைசியில பாத்தா அவனுக்கு ஏற்கெனவே உத்தேசமா ரெண்டு பொண்டாட்டி, அந்தக் கதைக்குள்ள போனா இன்னைக்குள்ள வெளிய வர முடியாது, விடுங்க.

பலவேசம் ஜெயிலுக்குப் போனதும் அந்த வாயாலயும் அந்த நாடாவாலயும்தான். பதினேழாம் நம்பர் டேங்குல காகிதம் நாப்பது அடின்னு சொல்லிச்சு, நாடா நாலு அடின்னு சொல்லிச்சு. அவன் நாலுன்னு எழுதுனான். மேலாளர் கூப்பிட்டு, "ஏலே, நாலுக்குப் பக்கத்துல ஒரு முட்டை போடேன், நாப்பதாயிரும், முடிஞ்சு போச்சு"ன்னாரு. "டேங்கு போடலையே ஐயா"ன்னான் பலவேசம். மீதி எண்ணெய் எந்தக் கப்பல்ல ஏறி எந்த மந்திரி பேருக்குப் போச்சுன்னு ஊருக்கே தெரியும், ஆனா தெரியுறது வேற, நாலுன்னு எழுதுறது வேற இல்லையா. நாட்டு மக்களைப் பயங்காட்டுனான்னு சொல்லி அவனைப் பிடிச்சு உள்ள போட்டாங்க. அன்னையில இருந்து குருவம்மாளுக்கு ஒரே நெனப்புதான், இந்த மனுஷனை எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரணும். ஞாயித்துக்கிழமை தோறும் கம்பிக்கு இந்தப் பக்கம் போய் நிப்பா. "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டா, "முக்காவாசி"ம்பான்.

இப்படி இருக்கையில ஆதிமூலம்னு ஒருத்தரு பிரதமரா வந்தாரு. வந்ததும் முதல் வேலையா மந்திரிசபையை வெட்டப்போறேன்னாரு. அதுவரைக்கும் அங்க நாப்பத்தியொரு மந்திரி. மழைக்கு ஒரு மந்திரி, மழை பெய்யாததுக்கு ஒரு மந்திரி, குதிரைகளுக்கு ஒரு மந்திரி. நாட்டுல இருந்த கடைசிக் குதிரை செத்து ஒன்பது வருஷமாச்சு, அந்த மந்திரி வருஷா வருஷம் அதுக்குத் திவசம் குடுத்துட்டு மத்த நாள் சும்மாதான் இருந்தாரு, அந்த ஆளைக்கூடக் குத்தம் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்தவங்களுக்கு நல்ல காப்பி குடுப்பாரு. நாப்பத்தியொண்ணைப் பதிமூணா ஆக்குறேன், லஞ்சத்தை வேரோட பிடுங்குறேன்னு ஆதிமூலம் சொன்னதும் சனங்க தெருவுல நின்னு கைதட்டுனாங்க, குருவம்மாளும் ஈரக்கையோட தட்டுனா.

செங்கடவுல ஒரு வழக்கம் உண்டு. மந்திரிங்க பதவிப் பிரமாணம் உச்சிவெயில்ல, மைதானத்துச் சலவைக்கல் மேடையிலதான் எடுக்கணும், ஒருத்தன் நிழல் அவன் காலுக்கடியிலயே அடங்கிக் கிடக்கிற நேரத்துலதான் எடுக்கணும். ஒளிச்சு வைக்கிறதுக்கு எங்கிட்ட நிழல்கூட இல்லைன்னு அர்த்தமாம். நூத்தி இருபது வருஷமா அந்த நேரம் தவறுனதே இல்ல. ஆனா அன்னைக்கு ஆதிமூலம் லஞ்சத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு பாருங்க, பதினோரு மணிக்கு ஆரம்பிச்சவரு நாலு மணி வரைக்கும் நிறுத்தல. ஒத்தனுக்கும் அவரை நிறுத்தத் தைரியம் வரல, லஞ்சத்துக்கு எதிராப் பேசுறவரைப் பாதியில நிறுத்துனா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்கன்னு ஆளாளுக்குப் பேசாம இருந்துட்டாங்க. கடைசியில பதிமூணு பேரும் நாலு மணி வெயில்ல வந்து வரிசையா நின்னாங்க. அவங்க நிழல் மேடை நெடுக நீளமா விழுந்துச்சு. ஒன்பது பேரு நிழல் ஈரமா இருந்துச்சு.

மேடையைத் துடைக்கப் போன குருவம்மாதான் முதல்ல பாத்தா. எண்ணெய் மந்திரி வன்னியநம்பி நின்ன இடத்துல தலை, தோள்பட்டை, தொப்பை எல்லாம் அப்படியே கறுப்பா வழவழன்னு கிடந்துச்சு, துணியை வச்சா துணி கறுத்துச்சு, மோந்து பாத்தா பலவேசம் சட்டையில அடிக்கிற அதே வாடை. கச்சா எண்ணெய். அவ துடைக்கத் துடைக்க அது ஊறிக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா மந்திரி இன்னும் அங்கதான் நின்னு மாலை வாங்கிக்கிட்டு இருந்தாரு. "ஐயா, செத்த நகந்துக்கிடுங்க, உங்க நிழல் ஒழுகுது"ன்னா. அவரு குனிஞ்சு பாத்துட்டு, எல்லாருக்கும் வேர்க்கிறதுதானன்னு சொல்லிட்டுக் குடைக்குள்ள போயிட்டாரு.

சனங்க இதைப் பாத்து மலைச்சுப் போனாங்கன்னு நெனைக்காதீங்க. குருவம்மா பக்கத்து வீட்டுக்காரி சொர்ணத்தாய், ஊர் விஷயம் எல்லாத்தையும் குழாயடியில தீர்ப்புச் சொல்றவ, குடத்தை இடுப்புல மாத்திக்கிட்டே சொன்னா: "இம்புட்டு நாளா எண்ணெயெல்லாம் எங்க போச்சுன்னு தேடுனோம், இங்கதான் கெடந்துருக்கு." அம்புட்டுதான். அடுத்தவங்க சொத்தை எடுத்தவன் நிழல் சாயங்கால வெயில்ல எண்ணெயா ஊறும், எடுக்காதவன் நிழல் காய்ஞ்சு கிடக்கும்னு ரெண்டே நாள்ல சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துல பென்சில் திருடுன பயலுக்கு ஒரு சொட்டு வந்துச்சு. முப்பது வருஷம் பத்திரம் பதிஞ்ச ஒரு அதிகாரி சாயங்காலம் கடைத்தெருவுல வழுக்கி விழுந்தாரு, அவரு நிழல்லயே.

ஆதிமூலத்துக்குச் சந்தோஷம். விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம், நாலு மணிக்கு வெயில்ல நிறுத்து, போதும்னு உத்தரவு போட்டாரு. அதுக்கப்புறம் நாட்டுல குடை விலை தங்கம் விலையாச்சு. ஆபீசெல்லாம் பதினோரு மணிக்குத் திறந்து ஒரு மணிக்குப் பூட்டுனாங்க. ஒரு தாசில்தாரு தொட்டியில ஒரு புங்கமரத்தை வச்சு, சக்கரம் மாட்டி, ரெண்டு ஆளை விட்டுத் தன் பின்னாடியே இழுத்துட்டு வரச் சொன்னாரு, பள்ளத்துல ஒருநாள் சக்கரம் மாட்டிக்கிட்டு மரம் நின்னுருச்சு, அவரு பேச்சு சுவாரசியத்துல நாலடி முன்னால போயிட்டாரு, அங்கயே பிடிச்சுட்டாங்க. அந்த ஒன்பது மந்திரியும் ஒரே வாரத்துல ஜெயிலுக்குப் போனாங்க, வன்னியநம்பிதான் முதல்ல. சனங்க சீனி வாங்கி ஒருத்தர் வாயில ஒருத்தர் போட்டாங்க. ஆதிமூலம் நிழலை மட்டும் யாரும் பாக்கல, அவரு எப்பவும் பந்தலுக்குள்ளயே இருந்தாரு, வேலை அப்படின்னாங்க.

குருவம்மா மனு எழுதிக்கிட்டுச் சீர்திருத்த மந்திரி செவந்திலிங்கத்தைப் போய்ப் பாத்தா. அவரு முன்னால பூகோள வாத்தியாரு, அந்தப் பதிமூணு பேருல நிழல் காய்ஞ்ச நாலு பேருல ஒருத்தரு. மனுவை ரெண்டு தரம் படிச்சாரு.

"நாலு அடிக்கு நாலுன்னு எழுதுனதுக்கா உள்ள போட்டாங்க?"

"ஆமாங்கய்யா. ஒரு முட்டைதான், அதைப் போட மாட்டேன்னுட்டாக."

"உன் வீட்டுக்காரரை ஒரே ஒரு சாயங்காலம் வெயில்ல நிறுத்துனாப் போதும்மா, கேஸே கிடையாது. வரிசை பெருசா இருக்கு, தை மாசம் முதல் திங்கக்கிழமை தாரேன்."

தை மாசத்துக்கு நாலு மாசம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஜெயிலுக்குப் போய்ச் சொன்னப்போ, பலவேசம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முதல் தடவையா, "முழுசா நல்லா இருக்கேன்"னான்.

கார்த்திகையில எண்ணெய் நின்னு போச்சு. ஒருநாள் காலையில துறைமுகத்துல கப்பல் நிக்குது, குழாயைத் திறக்காங்க, குழாய் பெருசா ஒரு ஏப்பம் விட்டுச்சு, அதோட சரி. டேங்குகளைத் திறந்து பாத்தா நாலு அடின்னு பலவேசம் எழுதுனதுல நாலு விரக்கடைகூட இல்ல. கிணறும் வத்தி, டேங்கும் வத்தி, விளக்கு அணைஞ்சு, பஸ்ஸு நின்ன இடத்துலயே நின்னு, தண்ணி மோட்டார் ஓடாம, அரிசிக் கப்பல் தூரத்துல வந்து கரையைப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. தோண்டுறதைத் தவிர ஒண்ணும் தெரியாத சனம், தோண்டுன குழிக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

அப்ப ஊர் முழுக்க இருட்டா கிடக்கையில ஜெயில் வார்டன் வீட்டுல மட்டும் விளக்கு எரிஞ்சுது. வார்டன் பொண்டாட்டி ஜெயசீலி கெட்டிக்காரி. மந்திரிமாரைச் சாயங்காலம் காத்து வாங்க முற்றத்துல விடுவாங்கல்ல, அப்போ வன்னியநம்பி நிழல்ல தேங்காநாரைப் போட்டு ஒத்தி, பாத்திரத்துல பிழிஞ்சு, வடிகட்டி, திரி போட்டுட்டா. நல்லா எரிஞ்சுது. ஒரு வாரத்துல ஜெயில் வாசல்ல பொம்பளைங்க வரிசை, ஆளுக்கொரு தூக்குவாளி. அவங்கல்லாம் முந்தி அந்த மந்திரி மேல செருப்பு வீசுனவங்கதான். இப்போ, "அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ஞ்சு நில்லுங்க"ன்னு மரியாதையாக் கேட்டாங்க.

ரெண்டே வாரத்துல மந்திரிக்கு ஊத்து குறைஞ்சு போச்சு. ஜெயிலுக்குள்ள எடுக்கிறதுக்கு என்ன இருக்கு? எடுக்காட்டி நிழல் காய்ஞ்சுருது. ஜெயசீலி புருஷன்கிட்ட சொல்லி, ஜெயில் அரிசி மூட்டை இருக்கிற அறைச் சாவியை வன்னியநம்பி தலைமாட்டுல மறந்து வைக்கிற மாதிரி வைக்கச் சொன்னா. மறுநாளே நிழல்ல மூணு படி எண்ணெய். கைதிகளுக்குக் கஞ்சி தண்ணியாப் போச்சு, பலவேசம் கன்னம் ஒட்டிப் போச்சு, ஆனா தெருவுல விளக்கு எரிஞ்சுது.

அப்புறம் இது ஊரெல்லாம் பரவுச்சு. கல்யாணத்துக்கு மணியக்காரரைக் கூப்பிட்டுக் மேற்கே பாக்க உக்கார வச்சு, பின்னாடி அண்டா வச்சாங்க. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட மாப்பிள்ளை நிழல் எத்தனை படின்னு கேட்டாங்க. சொர்ணத்தாய் மருமகன் சுங்கத்துல வேலை, அவ குழாயடியில நின்னு, "எங்க மாப்பிள்ளை சும்மா வந்து நின்னாலே ரெண்டு படி, மனசு வச்சா அஞ்சு"ன்னு கழுத்தை நொடிச்சா. ஒருத்தன் காலம்பூரா நல்லவனாவே இருந்துட்டான், அவன் பொண்டாட்டி அவனைச் சாயங்காலம் வீட்டைவிட்டு வெளிய போகாதீங்க, மானம் போகுதுன்னு கதவைச் சாத்தி வச்சா. செவந்திலிங்கம் ஒருநாள் நாலு மணிக்குக் கடைத்தெரு வழியா நடந்து போனாரு. எண்ணெய் ஊறுற ஒரு காண்டிராக்டரைச் சுத்திப் பொம்பளைங்க பாத்திரத்தோட உக்காந்துருந்தாங்க. அதுல ஒருத்தி நிமிந்து, "ஐயா, தள்ளி நில்லுங்க, வெயிலை மறைக்கீங்க"ன்னா. அவரு தள்ளி நின்னாரு. மறுவாரம் அவரு இலாகாவை வேற இலாகாவோட சேத்து, அதை இன்னொண்ணோட சேத்து, கடைசியில அவரு நாற்காலி எங்க போச்சுன்னே தெரியல.

ஆதிமூலம் பந்தலுக்குள்ள இருந்தே மறுபடியும் மந்திரிசபையைச் சீர்திருத்துனாரு. பதிமூணு அம்பத்தி மூணாச்சு. யாருக்கு எத்தனை படி ஊறுதோ அதுக்குத் தக்கன இலாகா. அஞ்சு படிக்குச் சாலை, பத்துப் படிக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மூணு படிக்கே போயிருச்சு. ஆஸ்பத்திரியில மருந்து இருக்காது, ஆனா லைட்டு எரியும், அந்த லைட்டுல டாக்டரு முகத்தைப் பாத்துக்கிட்டே சனங்க செத்தாங்க. அதையும் பொறுத்துக்கிட்டாங்க. முந்தி மருந்தும் இல்ல, லைட்டும் இல்லையேன்னாங்க. வன்னியநம்பி ஜெயில்ல இருந்து மாலையோட வெளிய வந்து நிழல்வள மந்திரியானாரு.

தை மாசம் முதல் திங்கக்கிழமை வந்துச்சு. குருவம்மா விடியக்காலமே குளிச்சு, பலவேசத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டையை மடிச்சு எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போனா. காய்ஞ்ச நிழலுக்கு விடுதலைங்கிற சட்டம் மாறிப் போச்சுன்னு அவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் தேதி குடுத்தது குடுத்ததுதானன்னு ஒரு நம்பிக்கை. நாலு மணிக்குப் பலவேசத்தைக் கொண்டுவந்து நிறுத்துனாங்க. எலும்பும் தோலுமா இருந்தான். அவன் நிழல் சலவைக்கல்லு மேல விழுந்துச்சு, உப்பளம் மாதிரி வெள்ளையாக் காய்ஞ்சு கிடந்துச்சு. ஒரு குமாஸ்தா உக்காந்து விரலால தடவிப் பாத்தான், விரலை வேட்டியில துடைக்கக்கூட வேண்டியிருக்கல.

"ஒண்ணும் இல்லைங்க. சுத்தமாக் காய்ஞ்சிருக்கு."

"பாத்துட்டீங்கள்ல ஐயா, இப்ப விட்டுருங்க"ன்னா குருவம்மா.

வன்னியநம்பி குடைக்குள்ள இருந்து வெளிய வந்தாரு. கோவமே படல, கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிற மாதிரிப் பேசுனாரு. "விட்டு என்னம்மா செய்ய? வெளிய வந்தா ஒரு விளக்கு, ஒரு குடம் தண்ணி இவருக்கும் செலவாகும். திருப்பி ஒரு சொட்டு தர மாட்டாரு. அதான் உள்ள வச்சிருக்கு. ஆனா இவரால ஆகவேண்டிய காரியம் ஒண்ணு இருக்கு. நாம கடன் கேட்டா வெளிநாட்டுக்காரன் தர மாட்டேங்கான், உங்க டேங்கு நெறைஞ்சிருக்குன்னு யார் சொன்னாலும் நம்ப மாட்டோம், நாலுன்னு எழுதி ஜெயிலுக்குப் போனானே, அவன் கையெழுத்துப் போட்டா நம்புவோம்ங்கான். நாப்பது அடின்னு ஒரு கையெழுத்து. போட்டா இப்பவே கூட்டிட்டுப் போகலாம்."

குமாஸ்தா தாளை நீட்டுனான். பலவேசம் பாத்துட்டுக் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டான். "காலி டேங்கை நான் நெறைஞ்சுதுன்னு எழுத மாட்டேன்."

"அப்போ சரி, ஏத்துங்க வண்டியில"ன்னாரு மந்திரி.

குருவம்மா குறுக்க போய் நின்னா. "போடுங்க"ன்னா.

"குருவு, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்கு எல்லாம் தெரியும். ரெண்டு வருஷமா ஊர் முழுக்கக் கள்ளனுங்க வீட்டுல பாய் விரிச்சுப் புருஷன் பொண்டாட்டியாப் படுத்துருக்காங்க, நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். யாருக்காக இந்த நாலு அடி? அந்தா தூக்குவாளியோட உக்காந்துருக்காளுகளே, அவளுகளுக்கா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்"னான் அவன்.

"அதையும் நீங்களே சொல்லுங்க. எண்ணிக்கிட்டே சாவுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வர மாட்டேன். சத்தியமா வர மாட்டேன்."

அவன் அவளையே பாத்துக்கிட்டு நின்னான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட அப்படிப் பாத்ததில்ல. அப்புறம் தாளை வாங்கித் தொடைமேல வச்சு, நாப்பதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டான். எல்லாரும் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு அவன் நிழல் கிட்ட ஓடுனாங்க. நிழல் காய்ஞ்சுதான் கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னான் குமாஸ்தா, பொறுத்தாங்க, ஒரு சொட்டு இல்ல. அப்போ ஒருத்தி, "எம்மா, இங்க பாருங்க"ன்னு கையைக் காட்டுனா. குருவம்மா காலடியில இருந்து கிளம்பி, இடுப்பு, தோளு, கொண்டை வரைக்கும் அவ நிழல் கறுப்பா மினுங்கிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பெரிய அண்டா கொண்டு வந்தாங்க. ஆறு படி. பலவேசத்துக்கு அந்தக் கையெழுத்துல ஒண்ணும் கிடைக்கல, கிடைச்சது அவளுக்குத்தானன்னு குமாஸ்தா விளக்கம் சொன்னான். நாட்டுக்கு உழைக்கிற குடும்பம்னு மந்திரி கைகூப்புனாரு.

அவ அதைக் குனிஞ்சு பாக்கல. வெள்ளைச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டு, பொத்தான் மாட்டி, கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. அவ நெனைச்சது நடந்துருச்சு. அன்னைக்குச் சோத்தைப் போட்டு எதிர்ல உக்காந்து அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. உப்பு போதுமான்னு கேட்டா. அவன் கையைக் கழுவப் போயிட்டான்.

ஆறு படிக்காரி வீட்டுக்குன்னு தனியா கரண்டு குடுத்தாங்க. ஒரு ஃபேனு மாட்டுனாங்க. வாரா வாரம் சனிக்கிழமை அடுத்த கடனுக்குன்னு புதுத் தாள் வரும், குருவம்மா அதை அவன் முன்னால வைக்கணும், அவன் மாட்டேம்பான், இவ பேசணும், கெஞ்சணும், அழணும், அவன் போடணும், மூணரை மணிக்கு வேன் வந்து இவளைச் சாயங்கால மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போகும். மந்திரிமாரு, தாசில்தாருங்க நடுவுல அவளுக்கும் ஒரு இடம், ஒரு நம்பரு. ஒருவாட்டி அவன் மூணு நாள் பட்டினி கிடந்தான், அந்த வாரம் அவளுக்கு ஒன்பது படி ஊறுச்சு. சொர்ணத்தாய் வந்து, "உன் புருஷன் முரண்டு பிடிக்கது உனக்கு யோகம்ளா"ன்னுட்டு, ஒரு சட்டி நெறைய வாங்கிட்டுப் போனா. குருவம்மா குடுத்தனுப்பிட்டு உள்ள வந்து, ஃபேனுக்கடியில படுத்திருக்கிறவன் காலை அமுக்கிவிட்டா. அவன் காலை இழுத்துக்கல.

சித்திரை பிறந்துச்சு. வெக்கை தாங்கல. இப்போ அவ அழ வேண்டியதில்ல, ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும், அப்புறம் தாளை வச்சுட்டு நின்னாலே போதும்னு ஆச்சு. ஊத்தும் அதே மாதிரி குறைஞ்சு குறைஞ்சு ஒரு படிக்கு வந்துச்சு. ஒரு சனிக்கிழமை தாள் வர நேரமாயிருச்சு, கரண்டு விட்டு விட்டு வந்துச்சு, ஃபேனு சுத்துறதும் நிக்கிறதுமா இருந்துச்சு. பலவேசம் பாயில எழுந்து உக்காந்து, கழுத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்:

"இன்னும் தாள் வரலையா? போய் என்னன்னு பாரு, ஃபேனு நின்னுரும் போலிருக்கு."

அவ அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. கையில கரண்டி. அவன் என்ன சொன்னான்னு அவளுக்குக் கேட்டுச்சு, இருந்தாலும், "என்னது"ன்னு கேட்டா, அவன் திருப்பி அதையேதான் சொன்னான். தாள் வந்துச்சு. அவன் தானா வாங்கி, தானா எழுதி, மடிச்சுக் குடுத்துட்டு மறுபடி படுத்தான்.

மூணரைக்கு வேன் வந்துச்சு, அவ போனா. நாலு மணிக்குத் தன் நம்பருல நின்னா. குமாஸ்தா வந்து தடவிப் பாத்துட்டு அண்ணாந்து பாத்தான். "என்னம்மா, காய்ஞ்சிருக்கு?" சுத்தி இருந்த மந்திரிமாரு அவளைக் கொஞ்சம் இளக்காரமாப் பாத்தாங்க. குமாஸ்தாவுக்கு விஷயம் சட்டுன்னு புரிஞ்சு போச்சு, பழகுன ஆளு இல்லையா. வேனைத் திருப்புங்கன்னான்.

வீட்டு முன்னால பலவேசம் சாஞ்ச வெயில்ல நின்னு முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தான். அவனுக்கு முன்னாலயே அவ பாத்துட்டா. வேன் நிக்கிறதுக்குள்ள குதிச்சு ஓடி, காலால மண்ணை வாரி வாரி அவன் நிழல் மேல தள்ளுனா, மண்ணும் கறுத்துச்சு, அவ பாதமும் கறுத்துச்சு, மூடுன இடத்துக்கு மேலயே மறுபடி ஊறி வந்துச்சு. "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு அவன் நெஞ்சுல கையை வச்சுத் தள்ளுனா. அதுக்குள்ள சொர்ணத்தாய் பாத்திரத்தோட வந்துட்டா, குமாஸ்தா இறங்கி விரலை வச்சுப் பாத்துட்டான்.

"பதினஞ்சு படி தேறும். நல்லவங்களுக்குத்தான் இப்படி ஊறும், ரொம்ப நாள் அடைச்சு வச்சது பாருங்க."

பலவேசம் குனிஞ்சு பாத்தான். திடுக்கிட்ட மாதிரி தெரியல. செருப்பை மாட்டிக்கிட்டு, அவ கையைத் தன் நெஞ்சுல இருந்து மெதுவா எடுத்துவிட்டு, வேன்ல ஏறி ஜன்னலோரமா உக்காந்தான். வண்டி கிளம்புறப்போ தலையை வெளிய நீட்டுனான்.

"ரெண்டு தாள் போட்டா அடுப்படிக்கும் ஒரு ஃபேனு தருவாங்களாம்லா. கேட்டுப் பாக்கட்டா?"

அவ பதில் சொல்ற வரைக்கும் வேனும் நிக்கல, அவனும் திரும்பிப் பாக்கல.